வரப்பில் இருந்த மூன்று முட்டைகள்

அன்று நான் சொல்லாதது மூன்றே சொற்கள். "அதை மிதித்தது நான்."

இன்று காலை நடை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினேன். தையல் ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. விரலால் தேய்க்கத் தேய்க்க உதிர்ந்தது. மாசி பிறந்துவிட்டது. உள்ளான் பறவைகளின் மார்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் சில வாரத்தில் வடக்கே கிளம்பிவிடும். நீ இருந்திருந்தால் ஐந்தரைக்கே போன் வந்திருக்கும். "ஏளா, எந்திச்சிட்டியா? பூநாரையெல்லாம் பல்லு வெளக்கிட்டு நிக்குது."

வாரம் முழுக்கத் துறைமுகத்துக் கிளியரிங் ஆபீசில் கண்டெய்னர் எண்ணுகிற நீ, ஞாயிற்றுக்கிழமை உப்பளத்தில் பறவை எண்ண வருவாய். சர்ச்சில் எட்டரை ஆராதனைக்கு அப்படியே சேற்றுச் செருப்போடு ஓடுவாய். அதற்கு முன் டீக்கடையில் அண்ணாச்சி விடமாட்டார். "இன்னைக்கு எத்தனை காக்கா பாத்திய?" நீயும் விடமாட்டாய். "ஒங்க கடை வடையைத் தின்ன காக்கா மட்டும் ரெண்டு கம்மி அண்ணாச்சி." நம் பறவைக் குழுவில் எட்டுப் பேரும் சிரிக்கிற சிரிப்பில் நானும் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்வேன். என் அமைதி உனக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். "இவ பறவையைப் பாத்தாலும் அடிக்குறிப்பு தேடுவா" என்று மற்றவர்களிடம் சொல்வாய், கொஞ்சம் பெருமையாகவே.

போன வருடம் இதே மாசியில் சண்முகக்கனி அக்கா நம்மைக் கூப்பிட்டார். அந்த அளத்தில் உப்பு வாருகிறவர். அதுவரை நம்மைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. "ஏளா பிள்ளைகளா, சத்தம் போடாம இங்கன வாங்க." வரப்பின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி, அதில் மூன்று முட்டைகள். உப்புக்கொத்திப் பறவையின் முட்டைகள். மண்ணின் நிறத்திலேயே இருந்ததால் அவர் விரல் நீட்டிய பிறகும் எனக்குத் தெரிய நேரமானது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார். உனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அதட்டலும் வந்தது. "ஒருத்தரும் படம் எடுத்து குரூப்ல போடக் கூடாது. போட்டா காலை ஒடிச்சிருவேன்."

அதற்கு மூன்றாவது ஞாயிறு. நீங்கள் எல்லோரும் கடல்தண்ணீர் தேக்கும் பெரிய தெப்பத்தில் நின்ற பூநாரைகளை எண்ண முன்னால் போய்விட்டீர்கள். என் தலைக்கு மேலே ஒரு ஆலா போனது, சிவப்பு அலகு, பெரியது. வெயில் கண்ணில் படாமல் இருக்க, பைனாக்குலரை இறக்காமலே பின்னால் இரண்டு எட்டு வைத்தேன். கம்பு அங்கேயேதான் இருந்தது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற அளவுக்குக் கூடச் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பத்தடி தள்ளி அந்தப் பறவை, ஒரு சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, என்னைத் தன் பின்னால் வரச் சொல்லி நடித்துக்கொண்டிருந்தது. கூட்டிலிருந்து ஆளைத் திசைதிருப்ப அது அப்படிச் செய்யும் என்று படித்திருக்கிறேன். காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை. நான் விலகி நடந்து உங்களோடு வந்து சேர்ந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது நொறுங்கிக் கிடந்த முட்டைகளை நீதான் முதலில் பார்த்தாய். அதே வரப்பில் சண்முகக்கனி அக்கா தலையில் உப்புப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"நீங்கதான அக்கா இந்த வழியா நடக்கிய? கம்பு நட்டு வச்சும் பாத்து நடக்கக் கூடாதா?" என்றாய்.

அவர் பெட்டியை இறக்கினார். "ஏளா, காட்டுனதே நாந்தான. நான் மிதிச்சிருந்தா மிதிச்சேன்னு சொல்லுவேன். எனக்கென்ன பயம்?" பிறகு நம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என் முறை வந்தபோது நான் பைனாக்குலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். "ரொம்பப் பேசிட்டேனோ?" என்று கேட்டாய். "விடு" என்றேன். அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறுகள். நாம் அந்தப் பக்கம் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நீ குரலைத் தாழ்த்திக்கொள்வாய். "மிதிச்சது கூடப் பெருசில்ல. பொய் சொல்லிட்டாங்கள்ளா, அதான் ஆறல." ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயம். இன்று யோசித்தால், ஒரு நாள் முழுக்கத் திட்டியிருப்பாய், மறுநாள் காலை போன் அடித்திருப்பாய்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். உன் சொந்த ஊர் நாசரேத்தில், வீட்டு வாசலில் நம் குழுவினரோடு நின்றேன். ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே நீ போய்விட்டாய். அப்படி நினைக்க வைத்தவள் நான்.

இரண்டு வாரம் முன்பு தனியாக அளத்துக்குப் போய் சண்முகக்கனி அக்காவிடம் சொன்னேன். அவர் பலகையால் உப்பை வாரிக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அவகிட்டல்லா சொல்லியிருக்கணும்" என்றார். அதனால்தான் இந்த மடல்.

அன்றே டீக்கடையில் மற்றவர்களிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர்கள் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் நின்ற இடத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் பைனாக்குலரைத் தூக்குகிறேன். பறவை பறந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அப்படி நான் கோட்டைவிட்ட பறவைகளைச் சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

இன்று காலை சண்முகக்கனி அக்கா வடக்கு வரப்பில் புதிதாக ஒரு கூடு கண்டார். கம்பு நட்டு, துணி கட்டி, நம் குழுவினரை ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்க் காட்டினார். என்னைக் கூப்பிடவில்லை.