அமினாத்தா எடுத்த படம்

மார்ச் மாதம், சனிக்கிழமை

மேல்மாடி அமினாத்தா மாலி நாட்டுக்காரி, புகைப்படக் கலைஞர். அவளுடைய ஊர் ஸ்டூடியோக்களில் செய்வதுபோல், பூப்போட்ட பெரிய துணியைப் பின்னால் கட்டி, நோர்வேயில் நாங்கள் இருக்கும் இந்த அம்மருட் மாடிவீட்டுக் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கிறாள். பிடித்த பொருளோடு வந்து நிற்கலாம். இன்று எங்கள் முறை.

"பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படமே போதும், நான் வரேல்லை" என்று காலை முழுக்க இவர் அடம்பிடித்தார். நான் தனியாகப் போய்க் கதிரையில் இருந்தேன். அப்போது கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி, ஊதாச் சட்டை, கையில் கிரிக்கெட் மட்டையோடு இவர்! அமினாத்தா சிரித்துச் சிரித்துக் கமராவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் படம் எடுக்கும் நேரம் பார்த்து, இவர் என் தோளில் கை போட்டார். எங்கள் கலியாணப் படத்தில்கூட எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி இருக்கும்.

"இதை என் கண்காட்சியில் சுவரளவுக்குப் பெரிதாக்கி வைக்கட்டுமா?" என்று அமினாத்தா நொஷ்க் மொழியில் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. தெரிந்த சனமெல்லாம் வருமே.

"ஓம் எண்டு சொல்லும்," என்றார் இவர். "ஆனா மட்டை முழுசாத் தெரியவேணும்."

ஓம் என்றுவிட்டேன். சனம் என்ன கதைக்குமோ. திறப்பு விழாவுக்கு என் பச்சைச் சேலையைத்தான் உடுத்த வேண்டும்.