மிச்சம் வைக்காத மிச்சத்துக்காரிக்கு

வீடு முழுக்க ஈரப் புல்லும், நுளம்பு கடிக்காமல் பூசும் எண்ணெயும் மணக்கிறது. நேற்றுத்தான் காட்டிலிருந்து வந்தோம். உன் பச்சைக் கூடாரத்தை மாடிப்படிக் கைப்பிடி நீளத்துக்கு விரித்துப் போட்டிருக்கிறேன். மேலே போகிறவர்களெல்லாம் குனிந்து, ஒதுங்கி, முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஈரத்தோடு மடித்த கூடாரமும் தலை துவட்டாத பிள்ளையும் ஒன்று, இரண்டுக்கும் வருத்தம் வரும் என்பாய் நீ. இது நன்றாகக் காயும்வரை நான் எடுக்கப் போவதில்லை.

நீ போன பிறகு வந்த முதல் கோடை இது. போவதா விடுவதா என்று ஆளுக்காள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். போவோம் என்று சொன்னது நான். போன இடத்தில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? மற்றவர்களிடம் சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள். சிலர் ஏற்கெனவே சொல்லியும் விட்டார்கள்.

ஜேர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனில் எங்கள் மிச்சம் (Mitcham) பகுதிக்கு வந்து குடியேறியவள் நீ. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் எல்லோரும் தேநீரோடு கதைத்துக்கொண்டு நிற்க, நீ மட்டும் கடதாசிக் கோப்பைகளைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாய். "ஜேர்மன்காரி வாறா, குப்பையை ஒளியுங்கோ" என்று உன்னைப் பகிடி பண்ணினார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரித்தபடியே அவர்கள் கையிலிருந்த கோப்பையையும் வாங்கிக்கொண்டாய். அப்படித்தான் நாம் சிநேகிதமானோம்.

கோடையில் குடும்பங்களாகச் சேர்ந்து காட்டில் தங்கலாம் என்று தொடங்கி வைத்ததும் நீதான். ஸ்கொட்லாந்தில், காட்டை ஊடறுத்துப் போகும் தெருவின் ஓரமாக, கூடாரம் போடுவதற்கென்று விட்டுவைத்திருக்கும் சின்னச் சின்ன வெளிகள். பொதுக் காடு, காசு இல்லை. தண்ணீர்க் குழாயும் இல்லை, கக்கூசும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. முதல் வருஷம் ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்த என் மச்சாள் வான் வண்டியை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தாள்.

"இஞ்ச என்னடி இருக்கு?"

"ஒண்டும் இல்லை. நாங்கள் போகேக்கையும் ஒண்டும் இருக்கப்படாது" என்றாய் நீ.

அன்று பின்னேரம் கூழ் காய்ச்ச வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். நண்டு, இறால், பனங்கிழங்கு ஒடியல் மா எல்லாம் பெட்டியில் வந்திருந்தது. ஆண்கள் மூன்று கல் தேடி வைத்து, சுள்ளி பொறுக்கி, நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தும் விட்டார்கள். நீ ஓடிப் போய் அந்தக் கற்களுக்கு நடுவில் சப்பாத்தோடு நின்றுகொண்டாய்.

"இது உக்கின பாசி மண், உள்ளுக்க எரியும். மேல தண்ணி ஊத்தி அணைஞ்சிட்டுது எண்டு நினைப்பியள். நாங்கள் லண்டன் போய்ச் சேர்ந்தாப் பிறகும் அடியில எரியும். காஸ் அடுப்பில வையுங்கோ."

"காஸ் அடுப்பில வைச்சால் அது கூழோ?" என்றார் உன் கணவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கூழ் எங்கள் பக்கத்தில் பேர்போனது.

"கூழோ சூப்போ, நான் குடிப்பன்" என்றாய்.

அவர் கோபத்தோடுதான் காய்ச்சினார். ஆனால் நன்றாகக் காய்ச்சினார். கடைசிச் சட்டிவரை நீ எல்லோரையும் குடிக்க வைத்தாய், அண்டா கழுவிய தண்ணீரைக்கூட ஓடையில் ஊற்ற விடவில்லை. "நாங்கள் மிச்சத்து ஆக்கள், மிச்சம் வைக்கப்படாது" என்று அன்றைக்குத்தான் முதலில் சொன்னாய். பிறகு அது எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. கையில் சின்ன மண்வெட்டியோடு மரங்களுக்குள் மறைகிறவரைப் பார்த்தும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

புறப்படும் காலையில் நீ கண்டுபிடித்த வேலை ஒன்று உண்டே. எல்லாவற்றையும் வானில் ஏற்றிய பிறகு, சின்னவர் பெரியவர் எல்லோரும் தோளோடு தோள் வரிசையாக நின்று, நிலத்தைப் பார்த்தபடி வெளியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடக்க வேண்டும். கண்ணில் பட்டது எதுவானாலும் எடுக்க வேண்டும், அது நாங்கள் போட்டதோ முந்தி வந்தவர்கள் போட்டதோ என்று கேள்வி இல்லை. "ஆமிக்காரன் சோதனைக்கு நிப்பாட்டின மாதிரி இருக்கு" என்று மச்சாள் புறுபுறுத்தாள். நீ விடவில்லை.

அப்படி நடந்து முடித்த ஒரு காலையில் காட்டு வேலைக்காரர் ஒருவர் வாகனத்தை நிறுத்தி, இரவு இங்கே யாராவது தங்கினார்களா என்று கேட்டார். நாங்கள்தான் என்றாய். அவர் நிலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தெருவில் கொஞ்சம் தள்ளி இருந்த இன்னொரு வெளியைப் பாறாங்கல் உருட்டி மூடிவிட்டதாகச் சொன்னார். வந்தவர்கள் கிழிந்த கூடாரங்களை விட்டுப் போனார்களாம், போத்தல்களை விட்டுப் போனார்களாம், யாரோ தங்கள் செத்துப்போன நாய்க்குச் சிலுவைகூட நட்டு வைத்தார்களாம். நீ அவர் தலை சொறிந்த விதத்தை அந்த வருஷம் முழுக்க நடித்துக் காட்டினாய். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தாய்.

சரி, இனி எனக்குக் கல்நெஞ்சக்காரிப் பெயர் வாங்கித் தந்த கல்லின் கதைக்கு வருகிறேன்.

ஆடி மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், வீட்டு வாசலில் பாரமான பெட்டி ஒன்று. திறந்தேன். கருங்கல். அதில் உன் படம், உன் பெயர், "என்றும் இங்கே வாழ்பவள்" என்று ஒரு வரி. உன் கல்லறைக்குக் கல் செய்த இடத்திலேயே அண்ணை சொல்லிச் செய்வித்திருந்தார். வான் என்னுடையது என்பதால் என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். காட்டில், நாங்கள் வழக்கமாகத் தங்கும் வெளியில், அந்தப் பெரிய பைன் மரத்தடியில் பதிக்க வேண்டுமாம். மற்றக் குடும்பங்களும் காசு போட்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாதா என்ன?

அண்ணையைக் கூப்பிட்டு முன்னறையில் இருத்தித் தேநீர் கொடுத்தேன். பிறகு சொன்னேன்.

"அண்ணை, இதை நான் வானில ஏத்தமாட்டன்."

"ஏன்?"

"அது பொதுக் காடு. நாளைக்கு ஒரு குடும்பம் பிள்ளையளோட கூடாரம் அடிக்க வரும். செத்தவளின்ர படத்துக்குப் பக்கத்திலயோ அதுகள் படுக்கிறது?"

"ஒரு சின்னக் கல்லுத்தானே."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு அவையள் பாறாங்கல் உருட்டி மூடுவினம்."

அவர் தேநீரைத் தொடவில்லை. எழுந்து நின்றார். "உமக்கு அவ சிநேகிதி. எனக்கு மனிசி" என்றார்.

அந்தச் சொல் என்னை வெட்டியது. நான் என்ன உரிமையில் நிற்கிறேன் என்று அன்றிரவு என்னையே கேட்டேன். உன்னைக் கேட்கவும் வழியில்லை. நீ இருந்திருந்தால் கல்லைப் பார்த்ததும் படம் சரியில்லை, மூக்குப் பெரிதாக விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் சண்டை பிடித்திருப்பாய். அதை நினைத்துச் சிரித்தேன், அந்தச் சிரிப்பு அழுகையில் முடிந்தது. ஆனால் மனம் மாறவில்லை. விடிந்ததும் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "அண்ணை, நீங்கள் என்னோட கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. கல் வராது. நீங்கள் வரவேணும்."

அவர் வந்தார். வானில் பின் இருக்கையில், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. மச்சாளும் என்னோடு பேசவில்லை. ஒரு பகல் முழுக்க நான் ஓட்டினேன்.

அங்கே போனதும் வேலையைப் பங்கு போட்டேன். வாகனம் புல்லில் ஏறக் கூடாது, அடுப்பு காஸ்தான், ஓடையில் சவர்க்காரம் கூடாது. உன் குரலில் சொல்ல வராது. என் குரலிலேயே சொன்னேன். புறுபுறுத்தார்கள். பசி வந்ததும் செய்தார்கள்.

இரண்டாம் நாள் காலை நான் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது, அண்ணை ஓடைப்பக்கத்துத் தட்டைப் பாறையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். பூசை மெழுகுதிரி, லண்டனிலிருந்து சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கையால் மறைத்தார்.

"அணைக்கச் சொல்லாதையும்" என்றார்.

"இல்லை அண்ணை. எரியட்டும். நான் இருக்கிறன்."

பாறையும் ஈரம், காற்றும் இல்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நானும் இருந்தேன். இரண்டு பேரும் உனக்காக ஜெபம் சொன்னோம். மெழுகுதிரி தானாக அடங்கும்வரை இருந்தோம்.

புறப்படும் காலை வரிசையில் நின்றோம். நீ நிற்கும் இடது கரையில் இப்போது நான். நடந்தோம். ஒரு போத்தல் மூடி, ஒரு கூடார ஆணி, யாரோ விட்ட கயிற்றுத் துண்டு. மறுகரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் அண்ணை வரிசையில் இல்லை. பாறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பாறையில் வழிந்து இறுகியிருந்த மெழுகைத் தன் வீட்டுக் கதவுத் திறப்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். திறப்புப் போகாத வெடிப்புகளில் பெருவிரல் நகத்தை விட்டுத் தோண்டினார். நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"நீர் விடும், தங்கச்சி. நான் வைச்சது. நானே எடுக்கிறன்."

கடைசித் துணுக்குவரை எடுத்தார். சட்டை நுனியால் பாறையைத் துடைத்தார். எடுத்த மெழுகைக் கைக்குள் பொத்திக்கொண்டு வானில் ஏறினார், இந்த முறை முன் இருக்கையில். நான் வானை எடுத்தேன். கண்ணாடியில் வெளி தெரிந்தது. புல், மரம், பாறை. அவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு வருஷமும் போவோம். எவ்வளவு பேர் முகத்தைத் திருப்பினாலும் வரிசையின் இடது கரையில் நான்தான் நிற்பேன். நீ அங்கே இல்லையடி. உன்னை அங்கே இருக்கவும் நான் விடமாட்டேன்.