மேலே ஏறாத சொல்

உன்னைக் கொன்றவரின் சட்டைப் பையில் அந்தச் சாவி இன்றைக்கும் இருக்கிறது. காலை ஷிப்டுக்கு வந்ததும் அவர் குட்மார்னிங் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அவர் சூப்பர்வைசர்; சொல்லியாக வேண்டும்.

இன்று, தகடு அழுத்தி வண்டிப் பாகம் செய்யும் பிரஸ் ஷாப்புக்குள் நுழையும்போதே பெயிண்ட் வாசம். நீ ஓட்டிய மெஷினுக்கு மேலே புதிதாக ஒரு மஞ்சள் பலகை. தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஏதேதோ எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் 'சேஃப்டி மஸ்ட்' என்று போட்டிருக்கிறார்கள். ஈரம்கூடக் காயவில்லை.

நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அந்த 'மஸ்ட்' என்கிற சொல்லை விடாமல் கவனித்தவன் நீ. டிப்ளமோவில் இங்கிலீஷ் அரியர் வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரும்வரை முணுமுணுத்துப் படிப்பாய். நம் அறையின் வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், எதிரே டீக்கடையில் கன்னடம். "செய்யாலி, மாடலே பேகு, செஞ்சே ஆவணும். மூணும் ஒண்ணுதான் மச்சி. அதையே மஸ்ட்னு சொல்லிட்டா மட்டும் ஏன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்பாய்.

ஷூ மஸ்ட். ஐ.டி. கார்டு மஸ்ட். டார்கெட் மஸ்ட். ஞாயிற்றுக்கிழமை டூட்டியும் மஸ்ட். காண்ட்ராக்டில் இருக்கும் நம்மை எப்போது நிரந்தரம் ஆக்குவீர்கள் என்று கேட்டால் மட்டும், "பாக்கலாம்ப்பா, ட்ரை பண்றோம்." கேண்டீன் சாம்பாரில் பூச்சி கிடந்தபோதும் அதே ட்ரை. "கவனிச்சியா? மஸ்ட் மேல இருந்து கீழதான் வருது, டேங்க் தண்ணி மாதிரி. மேல ஏறணும்னா நம்மதான் மோட்டார் போடணும்" என்றாய். போட்டும் பார்த்தாய்.

அது ஆடிட் நாள். நம் பாகங்களை வாங்குகிற வண்டிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஷாப்பைச் சுற்றிப் பார்க்கும் நாள். அதற்கு நீ வைத்த பெயர் பொண்ணு பாக்கும் நாள். "மெஷினுக்கு ரெண்டு முழம் பூ வைங்கடா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று கிண்டலடித்தபடி புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாய். அன்று மட்டும்தான் பிரஸ்ஸின் முன்னால் இருக்கும் லைட் கர்ட்டன் வேலை செய்யும். அதன் ஒளிக்குள் கை போனால் மெஷின் சட்டென்று நின்றுவிடும். எண்ணெய்ப் புகை படிந்தாலும் நின்றுவிடும். நின்றால் டார்கெட் குறையும். அதனால் மற்ற நாட்களில் அதை அணைத்து வைக்க ஒரு சாவி, அதுவும் சூப்பர்வைசரிடம் மட்டும்.

ஆடிட் கார் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் சூப்பர்வைசர் சாவியோடு வந்தார். நீ குறுக்கே நின்றாய்.

"சார், இது ஆன்லயே இருக்கட்டும். கர்ட்டன் மஸ்ட் சார்."

லைன் முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு. "யாரு யாருக்கு மஸ்ட் சொல்றான் பாருங்க. ஏம்பா, நீ என்ன எம்.டி.யா?"

"இல்ல சார். கை என்னுது."

சிரிப்பு நின்றது. அவர் உன்னைத் தள்ளிவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினார்.

அடுத்த ஆடிட் வரைக்கும் நீ இருக்கவில்லை. மெஷினின் டை அச்சில் தகடு சிக்கியது, எடுக்கக் குனிந்தாய், மெஷின் நிற்கவில்லை. பக்கத்து பிரஸ்ஸில் நான். எல்லாம் பார்த்தேன்.

விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது கர்ட்டன் மறுபடி ஆன் ஆகி, அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேண்டீனில் எல்லோரையும் நிற்கவைத்து மேனேஜர் பேசினார். "ஹி மஸ்ட் ஹேவ் பீன் கேர்லெஸ்." கவனமில்லாம இருந்திருக்கணும் என்று எச்.ஆர். தமிழில் விளக்கினார். இத்தனை நாள் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த சொல், உனக்கு மட்டும் ஊகம் சொல்ல வந்துவிட்டது. பார்க்காதவர்கள் ஊகித்தார்கள். பார்த்த என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இன்று மதியம் சாமல்பட்டியிலிருந்து உன் அப்பா வந்தார். லாக்கரில் கிடந்த உன் சாப்பாட்டு டப்பாவையும் ஷூவையும் செக்யூரிட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நான் சாப்பாட்டு நேரத்தில் வெளியே ஓடினேன். கேட்டுக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டு அப்பா என்னிடம் கேட்டார்.

"ஏம்பா, எம் பையன் கவனமில்லாமதான் செத்தானா? ஊர்ல அப்படித்தான் பேசிக்கறாங்க. கம்பெனிக்காரங்களே சொல்லிட்டாங்களாம். ரயில்வே கேட்டு தெறந்து கெடந்தாலும் சைக்கிள விட்டு எறங்கி, ரெண்டு பக்கமும் பாத்துட்டுதானே தாண்டுவான்?"

நான் சாவியைப் பற்றிச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "அத அவங்க வாயால சொல்லச் சொல்லுப்பா" என்றார்.

அந்த நேரம் மேனேஜரின் கார் வெளியே வந்தது. ரோட்டில் ஏற இடம் கிடைக்கக் காத்திருந்தது. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறங்கியது.

"சார், இவரு அவனோட அப்பா. அன்னிக்கு கர்ட்டன் ஆஃப்ல இருந்துச்சு. சாவிய யாரு திருப்புனாங்க, யாரு திருப்பச் சொன்னாங்கன்னு நீங்க இவருகிட்ட சொல்லணும்."

"ஷிப்ட் நேரத்துல வெளிய என்ன பண்ற? உன் காண்ட்ராக்டர் யாரு?"

நாளைக்கு என் கார்டுக்கு கேட் திறக்காமல் போகலாம். அது எனக்கு அப்போதே தெரியும். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை மேலே ஏற்றினேன்.

"மஸ்ட் சார். சொல்லியே ஆவணும்."

கண்ணாடி ஏறத் தொடங்கியது. உன் அப்பா என் பின்னால் வந்து நின்றார். மூடிய கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. கார் நகர்ந்தது. நான் கூடவே நடந்தபடி தட்டினேன்.

"சாவிய யாரு திருப்புனது? சொல்லுங்க சார்."