மெஷின் நின்ற வரி

அன்புள்ள மெஷின்காரிக்கு,

"ஒரு வாரம் அக்கா வீட்ல இருந்துட்டு வர்றேன், நீங்க நிம்மதியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வாரத்துக்குத் தையல் மெஷினையும் எதற்குக் கொண்டுபோனாய் என்று இப்போதுதான் உறைக்கிறது. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

நாவல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "சார், கடைசி அத்தியாயம் என்னாச்சு?" என்று பதிப்பாளர் கேட்டார். "முடிஞ்ச மாதிரிதான்" என்று புளுகிவிட்டேன்.

நான் வாசிக்க வாசிக்க, நீ உம் கொட்டியபடி தைப்பாய். வரி பொய்யாக இருந்தால் உன் மெஷின் நின்றுவிடும். நானும் அந்த வரியை அடித்துவிடுவேன். இப்போது எனக்கு யார் இருக்கிறார்கள்?

கதாநாயகி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். 'அவள் திரும்பி வந்தாள்' என்று நேற்று எழுதி, சத்தமாக வாசித்தேன். இல்லாத மெஷின் நின்ற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அவள் ஏன் கிளம்பினாள் என்பதே எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

இது கைக்குக் கிடைத்ததும் போன் பண்ணு. ஒரு வரிகூட வாசிக்க மாட்டேன். நீ சொல்லு, இந்தத் தடவை நான் உம் கொட்டுகிறேன்.

காதைத் தீட்டிக்கொண்டு,
உன் வீட்டுக்காரன்