அம்மாவின் காணிக்கு அப்பாவின் ஒப்பம்

யூன் 3, செவ்வாய்

அரசறிவியல் பாடத்தில் வியாழக்கிழமை விவாதம். ‘பெண்ணுக்குச் சமத்துவத்தை அரசியலமைப்பு தந்துவிட்டது.’ சீட்டுக் குலுக்கியதில் நான் ‘தந்துவிட்டது’ கட்சி, டினேஸ் ‘தரவில்லை’ கட்சி. சாப்பிட்ட கோப்பையைத் தங்கச்சியைக் கொண்டு கழுவுவிக்கிறவன் பெண்ணுரிமை கதைக்கப்போகிறான். வெல்லுவது லேசு.

யூன் 5, வியாழன்

தோற்றுப்போனேன். எல்லாரும் சமம் என்கிற பன்னிரண்டாம் உறுப்புரையைப் பாடமாக ஒப்புவித்துவிட்டு இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. “எங்கடை வீட்டைப் பாருங்கோ, அப்பா அம்மாவை ஒண்டுக்கும் மறிக்கிறேல்லை” என்று எடுத்துவிட்டேன்.

டினேஸ் எழும்பினான். “ஷெரோன்ரை அம்மா தன்ரை சீதனக் காணியை, அப்பா ஒப்பம் வைக்காமல் ஆருக்கும் எழுதிக் குடுக்கலாமோ? எங்கடை யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலை ஏலாது. பழைய சட்டங்கள் அப்பிடியே செல்லும் எண்டு அதே அரசியலமைப்பின்ரை பதினாறாம் உறுப்புரை சொல்லுது.”

எனக்கு இது தெரியவே தெரியாது. வகுப்பே சிரித்தது. அடுத்த வெள்ளி இரண்டாம் சுற்று என்று வித்தியா ரீச்சர் சொன்னா.

பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவ நிமிரவில்லை. “இரண்டு வருசமாக் கேக்கிறன். ‘பாப்பம்’ எண்டுறார்.”

அரியாலைக் காணியில் இரண்டு பரப்பைத் தன் தங்கச்சி றெஜினாவுக்கு எழுத வேண்டுமாம். சித்தப்பா செத்தபிறகு சின்னம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வாடகை வீட்டில். ஓகஸ்ட்டுக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். காணி அம்மாவின்ரை. தங்கச்சி அம்மாவின்ரை. இடையிலை அப்பாவுக்கு என்ன வேலை?

கத்தவேணும் போல இருக்கு. கத்தினால் அப்பா அசையமாட்டார். வெட்கப்பட்டால் அசைவார்.

யூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அப்பா வயிறாறச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதுதான் நேரம்.

“அப்பா, வெள்ளிக்கிழமையும் உங்களைத்தான் உதாரணம் சொல்லப்போறன்.”

“சொல்லன் பிள்ளை.” முகமெல்லாம் பூரிப்பு.

“ஒப்பம் வைச்ச அப்பா எண்டோ, வைக்காத அப்பா எண்டோ? வித்தியா ரீச்சர் கட்டாயம் கேப்பா.”

ரீச்சர் கோயில் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவ. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா கலக்கத் தேவையில்லாத சொதியைக் கலக்கினா.

யூன் 11, புதன்

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் அப்பா ஒப்பம் வைத்துவிட்டார்.

யூன் 13, வெள்ளி

திரும்பவும் தோல்வி. “அப்பா ஒப்பம் வைச்சிட்டார்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். டினேஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“வைச்சிராட்டி?”

நாசமாய்ப் போவான். சரியான கேள்வி. ஒரு மனுசன் வெட்கப்பட்டதுக்குப் பெயர் சமத்துவமா? அடுத்த தவணை விவாதத்தில் என்னை மற்றக் கட்சியில் போடச் சொல்லி ரீச்சரிடம் கேட்டுவிட்டேன். டினேஸுக்கு ஒரு நிபந்தனை போட்டேன்: முதலில் உன் கோப்பையை நீயே கழுவு.

யூன் 29, ஞாயிறு

சின்னம்மா ஒரு சட்டி நண்டுக் கறியோடு வந்தா. நேரே அப்பாவிடம்தான் போனா. “அத்தான், உங்கடை மனசு ஆருக்கு வரும்” என்று கண் கலங்கினா. அப்பாவும் “அதுக்கென்ன” என்றார், தன் காணியைத் தூக்கிக் கொடுத்தவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்னம்மா ஆகப் பெரிய நண்டுக்காலை எடுத்து அப்பாவின் கோப்பையில் வைத்தா.

அம்மா கையை நீட்டி அதைத் தூக்கித் தன் கோப்பையில் போட்டா.

“காணி என்ரை” என்றா, அதைக் கடித்து உடைத்தபடி.