ஈர விரல்

அன்பு மகளே,

இதை மாப்பிள்ளையிடம் காட்டாதே. தபால்தலை வெளியான அன்றே முத்திரை குத்தி, கையால் படம் தீட்டிய முதல் நாள் அஞ்சல் உறைகளைச் சேர்க்கிறேனே, அவற்றில் அந்த ஒலிம்பிக் ஓட்டக்காரியின் உறையைப் பெரம்பூர் கண்காட்சிக்கு இரவல் வாங்கிப் போனார் அல்லவா? உறை திரும்பி வந்தபோது அதிலிருந்த அவள் முகம் வேறாகத் தெரிந்தது. அசலை வைத்துக்கொண்டு நகலைத் தந்தாரோ? லென்ஸ் வைத்துப் பார்த்தும் என் கண்ணை நம்ப முடியவில்லை.

ராயபுரம் தபால்தலைக் கடை அத்தாவுல்லாவிடம் கேட்டேன்.

"இன்னா சார், மாப்ளயவே டவுட்டு பண்ற? ஓரமா ஈர வெரல வச்சிப் பாரு. கலர் ஜெராக்ஸுன்னா அப்டியே கெடக்கும், கையால தீட்னதுன்னா கரையும்" என்று சிரித்தார்.

ஓரத்தில் வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் சந்தேகம் முகத்தில்தானே? அங்கேயே வைத்துவிட்டேன்.

உறை அசல்தான். இப்போது அதில் முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதை மறுபடி கேட்டு வருகிறாராம். நீயும் கூடவே வாம்மா.

உன் அப்பா