அக்காவின் நெஞ்சுக்காயம் மூடவில்லை, அத்தான்

பிரியமுள்ள அத்தான்,

சுகமா என்று உங்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? இங்குள்ள சமாச்சாரம் சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடினபிறகு அக்காவுக்கு பைபாஸ் ஆயிற்று. இருதயம் நன்றாக ஓடுகிறதாம். நெஞ்சில் கீறின காயம்தான் மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

முதலில் தையலோரம் கொஞ்சம் நீர் கசிந்தது. சுகர்க்காரி, மெதுவாகத்தான் ஆறும் என்றார்கள். பிறகு சீழ். மருந்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். காயத்துக்குள் பஞ்சு வைத்து மேலே ஒட்டி, குழாய் வழியாக ஒரு சின்ன மிஷின் கசிவை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். கழக்கூட்டம் ஹாஸ்டல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் நெய்யாற்றின்கரை வீட்டில் கூட இருக்கிறேன்.

காயம் சுருங்கும், திரும்ப வாய் பிளக்கும். ஸ்கேனில் பார்த்தால், நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி தளர்ந்திருக்கிறது. "அம்மே, பாரம் வல்லதும் எடுத்தோ?" என்று டாக்டர் கேட்டார், கனமாக ஏதாவது தூக்கினாளா என்று.

"ஒரு சொம்புத் தண்ணி தூக்கல சாரே" என்றாள். உண்மைதான், நான் விட்டால்தானே. பின்னே எலும்பு எப்படி ஆடும்?

ஒருநாள் விடியற்காலை காப்பியோடு அவள் அறைக்குப் போனேன். கட்டிலோரம் முழங்காலை ஊன்றி, முட்டு குத்தி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள், நீங்கள் இரண்டுபேரும் பண்ணின அதே இடத்தில். முடிந்ததும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மொத்த உடம்பையும் நெஞ்சில் ஏற்றி எழுந்தாள். கடக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. பாரம் தூக்காதே என்றார்கள், சரி. ஜெபத்தை யாராவது பாரத்தில் சேர்ப்பார்களா?

போய்ச் சொன்னதும் "அதும் பாரம் தன்னே" என்றார் டாக்டர், அதுவும் பாரம்தானாம். கம்பியை எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி, மார்புத் தசையை இழுத்துவைத்து மூடினார்கள். இதுவும் பிரிந்தால் சீழ் இருதயத்தில் இறங்கிவிடுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். உங்களுக்குப் பிறகு எனக்கு அவள் ஒருத்திதான்.

இனி நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபம் பண்ணு என்றேன். அக்கா கேட்கிறாளா? "நாற்காலியில இருந்து சொன்னா அது வெறும் பேச்சுடே. அத்தானும் நானும் ஒருநா கூட முட்டு குத்தாம இருந்ததில்ல."

"சரி, நீ இருந்து சொல்லு. முட்டு நான் குத்துறேன்."

"சர்ச்சு வாசலையே மிதிக்காதவன். உன் முட்டு எதுக்குடே ஆவும்?"

"கையை ஊணாம எந்திரிக்கும்."

தையல் பிரியாமலிருக்கத் தலையணையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் நாற்காலியில், நான் தரையில். லேசில் முடிக்கமாட்டாள். டாக்டர், சிஸ்டர், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும் அவள் ஜெபத்தில் வந்துபோக வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தும்போது மட்டும் குரல் நின்றுவிடும். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். கால் மரத்துப்போகிறது, அவ்வளவுதான் தெரியும்.

நேற்று காயம் கட்டிய சிஸ்டர் கசிவே இல்லை என்றார். நம்பலாமா?

தசை ஒட்டிப் பிடிக்கிறவரை அவள் கை தரையைத் தொடாது, அது என் பொறுப்பு. இன்று காலையும் உங்கள் பெயர் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். மீதியை நான் சொல்லி முடித்தேன், அத்தான்.

என்றும் உங்கள் மச்சினன்,
அவளுடைய தம்பி